வீட்டுக்குள் போட்ட சப்பாத்து

2011ஆம் ஆண்டு யூலை மாதம், நல்ல குளிரான ஒரு விடியற்காலையில், நான் என் மகளைக் கீழே போட்டேன். "கீழ போட்டனான் எண்டு சொல்லாதையும், நழுவிப் போட்டுது எண்டு சொல்லும்" என்பார் என் கணவர். எனக்கு இரண்டும் ஒன்றுதான். பிள்ளை தரையில் கிடந்தாள். நானும் அவளுக்குப் பக்கத்தில் கிடந்தேன்.

பெரிய காயம் ஒன்றும் இல்லை. முழங்கையில் தோல் உரிந்திருந்தது. ஆனால் எங்கள் இரண்டு பேரையும் தூக்கிவிட வீட்டில் ஆள் இல்லை. கணவர் இருட்டோடு வேலைக்குப் போய்விட்டார். நான் கட்டிலைப் பிடித்து எழும்பினேன். வலது காலை ஊன்ற முடியவில்லை. இடது காலில் நின்று அவளை இழுத்துச் சுவரோடு சாய்த்து இருத்திவிட்டு, நானும் பக்கத்தில் இருந்து அழுதேன். அவள் அழவில்லை. "ஓகே, அம்மா" என்றாள். அந்த இரண்டு சொல்லைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது எங்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

எங்களைத் தெரியாத விசுவாசிகளுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ஜெயராணி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, மெல்பேர்ணுக்கு வந்து கனகாலம். கணவர் தேவராஜனுக்கு ஒரு பெரிய கிடங்கில் வேலை. எங்களுக்கு ஆண்டவர் தந்தது ஒரே பிள்ளை, ஷாமினி. பிறக்கும்போது மூளைக்குப் போதிய காற்றுப் போகவில்லை. அதனால் கையும் காலும் அவள் சொல்லுக்குக் கேட்பதில்லை. நடக்க மாட்டாள். ஆனால் புத்தியில் ஒரு குறையும் இல்லை. நாங்கள் பேசுகிற தமிழ் முழுக்க விளங்கும். பதில் மட்டும் இங்கிலீசில் வரும், அதுவும் ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி. முகம் கோணி, கழுத்து நரம்பு புடைத்து, ஒரு வசனம் முடிய நேரம் எடுக்கும். எங்கள் சனத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பாதியிலேயே "ஓம் ஓம், விளங்குது" என்று தலையைத் தடவிவிட்டுப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், என்ன மறைக்க இருக்கிறது.

அவளைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிவறைக்கும் குளியலுக்கும் மாற்றுவது நான்தான். அவள் பெரிய பிள்ளையான பிறகு அந்த வேலையிலிருந்து தகப்பன் ஒதுங்கிவிட்டார். அது எங்கள் வழக்கம், அவளுக்கும் அதுதான் விருப்பம். அவளுடைய இடுப்பை நான் இறுக்கிப் பிடித்துத் தூக்கினால், அவள் தன் காலில் கொஞ்ச நேரம் பாரத்தைத் தாங்குவாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் திருப்பி இருத்திவிட வேண்டும். இருவரும் சேர்ந்து செய்கிற வேலை. அதற்கு எனக்கு இரண்டு கால் வேண்டும்.

அந்தக் கால்தான் என்னைக் கைவிட்டது.

2010 கடைசியில் மெல்பேர்ணுக்கு மேற்கே டார்னெய்ட்டில் புது வீடு கட்டிக் குடிவந்தோம். அதற்கு முன்னர் வாடகைக்கு இருந்த வீடு முழுக்கக் கம்பளம். கம்பளத்தில் கறி மணம் ஏறினால் இலேசில் இறங்காது. சக்கர நாற்காலியும் அதில் இறுகும், தள்ளித் தள்ளி எனக்குத் தோள் விட்டுப்போகும். அதனால் புது வீட்டுக்கு வாசல் தொடக்கம் பின்கதவு வரை டைல்ஸ் போடுவித்தோம். நாற்காலி பறந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "கண்ணாடி மாதிரி வைச்சிருக்கிறீங்கள்" என்றார்கள். எனக்கும் பெருமை. ஒரு நாளைக்கு இரண்டு தரம் துடைப்பேன்.

அடுத்த வருடம் பெப்ரவரி அளவில் வலது குதிக்காலில் நோ தொடங்கியது. காலையில் எழும்பி முதல் அடி வைக்கும்போது ஆணி மேல் மிதித்தது போல இருக்கும். கொஞ்சம் நடந்தால் குறையும். பின்னேரம் திரும்ப வரும். முதலில் நான் கணக்கெடுக்கவில்லை. உப்புப் போட்ட சுடுதண்ணீரில் காலை வைத்தேன். நல்லெண்ணெய் தேய்த்தேன். குடும்ப வைத்தியர் நோக்குளிசை தந்தார். குளிசை போட்டால் வயிறு எரிந்தது, கால் அப்படியே இருந்தது. அந்த மாதம்தான் கை விரலும் கார்க் கதவில் நசிபட்டது. பட்ட காலிலே படும் என்பார்கள், எனக்குக் கையையும் சேர்த்துப் பட்டது.

புதன்கிழமைகளில் எங்கள் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். எங்கள் சபைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வருவார்கள், வாசலில் செருப்பும் சப்பாத்துமாகக் குவிந்து கிடக்கும். எழுபது வயதான புஷ்பம் அன்ரிதான் நடத்துவா. அவ என் காலில் எண்ணெய் பூசி, எல்லாரும் கைவைத்து ஜெபித்தார்கள். அவர்களுடைய அன்பை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் எண்ணெய்க் காலோடு டைல்ஸில் நடக்க எனக்குப் பயமாக இருந்தது. துடைத்துவிட்டுத்தான் எழும்பினேன்.

இப்படி இருக்கையில்தான் யூலையில் அந்தக் காலை. கட்டிலால் இறங்கிய கையோடு ஷாமினிக்குக் கழிவறை அவசரம். கொஞ்சம் நடந்து காலைப் பழக்க நேரமில்லை. தூக்கினேன். குதிக்கால் சுரீர் என்று இழுத்தது. கால் தானாகவே மடிந்தது. மிச்சம் சொல்லிவிட்டேன்.

அடுத்த கிழமை ஜூலி வந்தாள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவுகிற சேவையிலிருந்து எங்களைப் பார்க்க வருகிற வெள்ளைக்காரப் பெண், நல்ல மனம். முழங்கையைப் பார்த்தாள். நான் நொண்டிக்கொண்டு தேநீர் கொண்டு வந்ததையும் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். பக்கத்து ஊரான வெரிபீயில் ஒரு வீடு இருக்கிறதாம். ஷாமினியைப் போல நாலு பிள்ளைகள், பராமரிக்க இரவும் பகலும் ஆட்கள். வருகிற வருடத் தொடக்கத்தில் அங்கே ஓர் இடம் வரும். கிழமை நாட்களில் அங்கே, சனி ஞாயிறு எங்களோடு. உடனே முடிவு சொல்லத் தேவையில்லை, பெப்ரவரிக்குள் சொன்னால் போதும் என்றாள்.

தூக்குகிற இயந்திரம் ஒன்றைப் பற்றியும் கதைத்தாள். பாடசாலையில் ஒருமுறை அதில் ஷாமினியை ஏற்றியபோது கத்திக் குளறிவிட்டாள். அதோடு, எந்த நேரமும் இயந்திரம் தூக்கினால் அவள் காலில் இருக்கிற கொஞ்சப் பலமும் போய்விடும் என்று அங்கேயே சொன்னார்கள்.

ஜூலி போனபிறகு நான் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றைத் தள்ளி வைத்தார்.

"பிள்ளையை ஒரு இடமும் அனுப்பேலாது."

"நான் அனுப்பச் சொல்லேல்லை. என்ர கால் சொல்லுது."

"அப்ப காலுக்கு என்ன செய்யலாம் எண்டு பாரும்."

"ஆறு மாசமா என்ன செய்துகொண்டிருக்கிறன் எண்டு நினைக்கிறீர்?"

 அந்த வீடு கெட்ட இடம் என்று நான் சொல்லவில்லை. அங்கே பிள்ளைகளை விட்டிருக்கிற பெற்றோர் எங்களைவிட அன்பில் குறைந்தவர்களும் இல்லை. ஆனால் என் பிள்ளைக்குச் சீப்பால் தலை இழுப்பதும் உடுப்பு மாற்றுவதும் நான். ஆர் வந்து தொடப்போகிறார்களோ என்பதுதான் என் பயம். அன்று தொடக்கம் என் ஜெபம் ஒன்றே ஒன்றுதான். "ஆண்டவரே, எனக்கு என்ர காலைத் திருப்பித் தாரும்." வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தேன். அழுதும் கேட்டேன், கோபித்தும் கேட்டேன். எனக்குக் கோபம் கெதியாக வரும். ஆண்டவரோடும் வரும்.

விழுந்த கதையைக் கேட்டதும் குடும்ப வைத்தியர் என்னைப் போடியாட்ரிஸ்ட் ஒருவரிடம் அனுப்பினார். பாதத்துக்கும் காலுக்கும் என்றே படித்தவர்கள் அவர்கள். அந்தப் பிள்ளையின் பெயர் எமிலி. இருபத்தைந்து, முப்பது வயது இருக்கும். என்னை நிற்கச் சொன்னாள், நடக்கச் சொன்னாள், நுனிக்காலில் எழும்பச் சொன்னாள். பிறகு குதிக்காலின் உள்பக்கத்தில் பெருவிரலால் அழுத்தினாள். எனக்கு உயிர் போய் வந்தது. "இந்த இடம்தான்" என்றாள்.

குதிக்காலிலிருந்து விரலடி வரை பாதத்தின் கீழே ஒரு தடித்த சவ்வு இருக்கிறதாம். பாதத்தின் வளைவைத் தாங்குவது அதுதான். அளவுக்கு மிஞ்சி இழுபட்டு இழுபட்டு, குதிக்காலில் ஒட்டியிருக்கிற இடத்தில் அது நொந்துபோயிருக்கிறது. இரவு படுத்திருக்கும்போது அது சுருங்கும், காலையில் முதல் அடியோடு திரும்ப இழுபடும். அதுதான் ஆணி குத்துகிற நோ. என் பாதத்தின் வளைவும் தட்டை, கெண்டைக்காலும் இறுகிப்போயிருக்கிறது என்றாள். ஆறு மாதமாக எனக்கு என்ன நோய், என்ன வருத்தம் என்று அன்றுதான் விளங்கியது. பாதி நோ அன்றே குறைந்த மாதிரி இருந்தது.

சிகிச்சையும் தொடங்கினாள். பாதத்தைச் சுற்றி ஒட்டும் பட்டி போட்டாள். சுவரைப் பிடித்துக் கெண்டைக்காலை இழுக்கிற பயிற்சி காட்டினாள். கட்டிலால் இறங்க முன்னர் ஒரு துவாயைப் பாதத்தில் கொழுவி என் பக்கம் இழுக்கச் சொன்னாள். தண்ணீர்ப் போத்தலை உறையவைத்து அதன் மேல் பாதத்தை உருட்டச் சொன்னாள். என் பாதத்தை அச்செடுத்து, சப்பாத்துக்குள் வைக்கிற இன்சோல் செய்வித்துத் தந்தாள். நல்ல சப்பாத்து வாங்கி அதற்குள் வைக்க வேண்டும், எந்த நேரமும் போட வேண்டும், வெறுங்காலோடு நடக்கவே கூடாது. இதை இரண்டு மூன்று தரம் சொன்னாள்.

நான் ஓம் என்றேன். எல்லாவற்றையும் சொன்னபடி செய்தேன். போத்தல் உருட்டினேன். சுவரைத் தள்ளினேன். கடைக்கும் சபைக்கும் வைத்தியரிடமும் இன்சோல் வைத்த சப்பாத்து இல்லாமல் ஒருநாளும் போகவில்லை. ஆனால் ஆறு கிழமைக்குப் பிறகும் காலையில் ஆணி அதே ஆணிதான்.

இரண்டாம் தரம் போனபோது எமிலியின் முகத்தில் யோசனை தெரிந்தது. "சப்பாத்து எந்த நேரமும் போடுகிறீர்களா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "வெறுங்காலோடு நடப்பதில்லையே?" எனக்குக் கொஞ்சம் சினமும் வந்தது. இந்த நாட்டில் வெள்ளைக்காரர்தான் சுப்பர்மார்க்கெட்டுக்குள்ளும் வெறுங்காலோடு வருவார்கள். நான் இந்த நாட்டு ரோட்டில் ஒருநாள் செருப்பில்லாமல் இறங்கியதில்லை. இல்லவே இல்லை என்றேன். அடுத்த தரமும் இப்படியே இருந்தால் குதிக்காலுக்குள் ஊசி போடுவது பற்றி வைத்தியருக்கு எழுதுவேன் என்றாள்.  ஊசியும் பலிக்காவிட்டால் என்ன செய்வது. பெப்ரவரிக்கு எத்தனை மாதம் இருக்கிறது.

அடுத்த முறை போகிற நாள் வந்தது. பாடசாலை விடுமுறை, ஷாமினி வீட்டில். அவளைப் பார்க்க ஒரு பராமரிப்புப் பெண் வருவதாக ஏற்பாடு. முதல்நாளே ஜெபத்தில் சொல்லி வைத்தேன், "ஆண்டவரே, அந்தப் பிள்ளை நேரத்துக்கு வரவேணும்" என்று. காலையில் தொலைபேசி அடித்தது. அவளுக்குக் காய்ச்சலாம், வர முடியாதாம்.

நான் குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று வாய்விட்டே கேட்டேன். "இந்தச் சின்ன விசயத்தைக்கூட உம்மாலே செய்து தரேலாதோ?" அப்படித்தான் கேட்டேன். வாய் கூசாமல் கேட்டேன். பிறகு நாற்காலி ஏறக்கூடிய டாக்சி ஒன்றைப் பிடித்து, ஷாமினியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

எமிலி அவளைக் கண்டதும் என்னை விட்டுவிட்டு முதலில் அவளோடுதான் கதைத்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். அழுத்தினாள். நான் கதிரையின் கையைப் பிடித்தேன். அவள் பெருமூச்சு விட்டு, பழைய கேள்வியையே திரும்பக் கேட்டாள். எந்த நேரமும் சப்பாத்துப் போடுகிறீர்களா?

"எந்த நேரமும்" என்றேன் நான்.

ஷாமினி சிரித்தாள். அவள் சிரித்தால் உடம்பு முழுக்கச் சிரிக்கும், நாற்காலியும் ஆடும். எமிலி அவள் பக்கம் திரும்பினாள். ஷாமினிக்கு ஏதோ சொல்ல வேண்டும் என்று வாய் வேலை செய்யத் தொடங்கியது.

"பேசாம இரு பிள்ளை, அம்மா கதைச்சிட்டு வாறன்" என்றேன்.

எமிலி கையால் என்னை மறித்தாள். நாற்காலிக்கு முன்னால் குந்தி இருந்தாள். காத்திருந்தாள். வெளியே அடுத்த ஆள் காத்திருப்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் அவசரப்படவில்லை. சொல்லுக்கு உதவிகூடச் செய்யவில்லை.

"அம்மா… ஆல்வேஸ்… பேர்ஃபுட்" என்றாள் ஷாமினி.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாள் பிள்ளை. "எங்கே?" என்று எமிலி கேட்டாள். ஷாமினி மூச்செடுத்து, "அட் ஹோம்" என்றாள்.

"வீட்டுக்குள்ளதானே" என்று நான் தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு இங்கிலீசில் விளக்கினேன். வீட்டுக்குள் நாங்கள் சப்பாத்துப் போடுவதில்லை. வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவோம். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். அது வெறுங்காலோடு நடப்பது இல்லை, அது வீடு.

எமிலி என் சப்பாத்துக்குள் இருந்த இன்சோலை வெளியே எடுத்தாள். மேல் துணி புதுசு போலவே இருந்தது. இரண்டு மாதம் தேய்ந்த அடையாளம் எதுவும் இல்லை. அதை எனக்குக் காட்டிவிட்டுக் கேட்டாள், ஒரு நாளில் வீட்டுக்கு வெளியே எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று. நான் யோசித்தேன். சில நாளில் தபால்பெட்டி வரைதான் போவேன். வீட்டுக்குள் தரை என்ன என்று கேட்டாள். டைல்ஸ் என்றேன். அதற்குக் கீழே சீமெந்து. ஷாமினியைத் தூக்குவது எங்கே என்று கேட்டாள்.

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன்.  சமைப்பது, துடைப்பது, பிள்ளையின் பாரத்தையும் என் பாரத்தையும் சேர்த்து ஊன்றுவது, எல்லாம் வீட்டுக்குள், வெறுங்காலில், கல்லு மாதிரித் தரையில். இன்சோல் வாசலில் காவல் இருந்திருக்கிறது. எமிலி என்னை ஏசவில்லை. "வீட்டுக்குள்ளேயும் என்று நான் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும்" என்று தன்னைத்தான் சொன்னாள்.

டாக்சியில் திரும்பி வரும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அந்தப் பராமரிப்புப் பெண் வந்திருந்தால் ஷாமினி வீட்டில் இருந்திருப்பாள். நான் தனியே போய், "எந்த நேரமும்" என்று சொல்லி, ஊசிக்கு நாள் எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். ஆர் வரவேண்டும் என்று நான் கேட்டேனோ அவள் வராததுதான் ஆண்டவர் செய்த உதவி. என் பிள்ளைக்காக நான் கேட்ட கேள்விக்கு என் பிள்ளையின் வாயாலேயே பதில் சொன்னார். காலையில் குசினியில் நின்று கேட்டதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. டாக்சிக்காரர் கண்ணாடியில் பார்க்கப் பார்க்க நான் அழுதேன். ஷாமினி மறுபடியும் "ஓகே, அம்மா" என்றாள்.

எமிலி சொன்ன வழி இலேசு. வெளியே ஒருநாளும் போடாத, வீட்டுக்குள் மட்டும் போடுகிற இன்னொரு சப்பாத்து. இன்சோலை அதற்குள் வைப்பது. கட்டிலடியில் வைத்து, முதல் அடியே அதற்குள்தான். ரோட்டில் படாத சப்பாத்தில் என்ன ஊத்தை இருக்கப்போகிறது? இது எனக்குத் தோன்றவேயில்லை. சொல்ல இலேசு, செய்யத்தான் கஷ்டம். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு குசினிக்குள் போனபோது யாரோ அந்நிய வீட்டில் களவாகப் புகுந்தது போல இருந்தது. சோறு வடிக்கும்போது இரண்டு தரம் கழற்றப் பார்த்தேன்.

கணவர் வேலையால் வந்து வாசலில் தன்னுடையதைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன, எங்கயோ வெளிக்கிட்டு நிக்கிறீர்?"

"ஓம். குசினிக்கு."

"சப்பாத்தோட அடுப்படியில நிண்டால் உம்மட அம்மா என்ன சொல்லுவா?"

"அம்மா வந்து பிள்ளையைத் தூக்குவாவோ?"

அவர் கை கழுவப் போய்விட்டார். ஆனால் விட்டாரா? ஒரு மாதம் மட்டும் என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிட்டார், பள்ளிக்கூட ரீச்சர் மாதிரி இருக்கிறேனாம்.

புதன்கிழமைதான் எனக்குப் பயம். பெண்கள் வந்தார்கள். வாசலில் வழக்கம்போலக் கழற்றினார்கள். நான் சப்பாத்தோடு போய்க் கதவைத் திறந்தேன். புஷ்பம் அன்ரியின் கண் நேரே காலுக்குத்தான் போனது.

"எங்கயும் போய் இப்பதான் வந்தனியோ, பிள்ளை?"

"இல்லை அன்ரி. இது வீட்டுச் சப்பாத்து. டொக்டர் போடச் சொன்னவ."

"ஜெபிக்கிற நேரமுமோ? பரிசுத்தமான இடத்தில செருப்பைக் கழட்டச் சொல்லி வேதத்திலயே இருக்கெல்லே."

கூடியிருந்த எல்லாரும் என் காலையே பார்த்தார்கள். அன்ரி என்னோடு கோபமாக இல்லை, அவவுக்கு உண்மையாகவே மனம் சங்கடப்பட்டது. எனக்கும்தான். ஆனால் என் வாய் இருக்கிறதே.

"அன்ரி, கழட்டிப்போட்டு எட்டு மாசம் ஜெபிச்சம். இனிப் போட்டுக்கொண்டு கொஞ்ச நாள் ஜெபிச்சுப் பாப்பம்."

யாரோ சிரித்தார்கள். அன்ரி சிரிக்கவில்லை. பாட்டுத் தொடங்கினா. ஆனால் கூட்டம் முடிய, போகிற நேரம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "உன்ர மனசை ஆண்டவர் பாக்கிறார், காலையில்லை" என்று தலையில் கைவைத்துவிட்டுப் போனா. அந்த வார்த்தை எனக்குப் பெரிய ஆறுதல். டிசம்பரில், நத்தார் பண்டிகைக்கு முன்னர் அன்ரி ஃபோன் எடுத்து, தனக்கும் குதிக்கால் நோகிறது, அந்தச் சப்பாத்து எந்தக் கடையில் என்று கேட்டதையும் சொல்லத்தான் வேண்டும்.

நோ ஒரே நாளில் போகவில்லை. அற்புதம் என்றால் படுத்து எழும்பும்போது முடிந்திருக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம். எனக்கு அப்படி நடக்கவில்லை. முதல் இரண்டு கிழமை ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, சப்பாத்துக் கடித்ததுதான் மிச்சம். பிறகு பின்னேரங்களில் நோ குறைந்தது. பிறகு காலையில் ஆணி மொட்டையானது. பயிற்சியை விடாமல் செய்தேன். எமிலி பட்டி போடுவதை நிறுத்தினாள். ஊசிக் கதையை எடுக்கவே இல்லை. நத்தார் காலையில் நான் கட்டிலால் இறங்கி, சப்பாத்துக்குள் காலை வைத்து, நடந்து போய் ஷாமினியைத் தூக்கி நாற்காலியில் இருத்தினேன். இருத்திய பிறகுதான் நோவைப் பற்றி நினைத்தேன். அது இல்லை. நான் திரும்பக் குதிக்காலை ஊன்றிப் பார்த்தேன். இல்லை.

அன்று ஆராதனையில் எல்லாரும் பிறப்பின் பாட்டுப் பாடினார்கள். நான் என் காலுக்காகத்தான் பாடினேன்.

காலோடு சேர்ந்து எங்கள் வீட்டில் இன்னொன்றும் மாறியது. எமிலி குந்தியிருந்து காத்திருந்ததை நான் மறக்கவில்லை. பதினைந்து வருடம் நான் அந்தப் பிள்ளையைத் தூக்கினேன், குளிப்பாட்டினேன், சோறு தீத்தினேன். ஆனால் அவள் ஒரு வசனத்தை முடிக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தது கிடையாது. இப்போது இருக்கிறேன். கறி அடிப்பிடித்தாலும் இருக்கிறேன். அவள் சொல்வது எல்லாம் ஞானமும் இல்லை. பாதி நேரம் தகப்பனின் மொட்டைத் தலையைப் பற்றித்தான் பகிடி. ஆனாலும் கேட்கிறேன்.

2012 பெப்ரவரியில் ஜூலி முடிவு கேட்க வந்தாள். வெரிபீ வீட்டில் இடம் வந்துவிட்டதாம், வேறு பிள்ளைகளும் காத்திருக்கிறார்களாம். கணவர் அன்று வேலைக்கு விடுமுறை எடுத்திருந்தார். நான் சப்பாத்தோடு நடந்து தேநீர் கொண்டு வந்தேன். ஜூலி என் நடையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அவள் முன்னாலேயே ஷாமினியை நாற்காலியிலிருந்து தூக்கிச் சோபாவில் இருத்திக் காட்டினேன்.

"அப்படியென்றால் உங்கள் முடிவு என்ன?" என்று ஜூலி எங்களைப் பார்த்துக் கேட்டாள்.

கணவர் என்னைப் பார்த்தார். பதில் என் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. அவளுக்கும் வயது ஏறுகிறது. நண்பர்களோடு இருக்கத்தான் அவளுக்கு ஆசையோ, எனக்கென்ன தெரியும்? நான் கேட்டதே இல்லை. அவள் பதிலை நினைக்கப் பயமாகத்தான் இருந்தது. இருந்தும், "அவளைக் கேளுங்கள்" என்றேன். "பதில் வர நேரம் எடுக்கும். இருங்கள்."

ஜூலி ஷாமினி பக்கம் திரும்பிக் கேட்டாள். ஷாமினி தொடங்கினாள். முகம் கோணியது, கை தானாக மேலே போனது. நடுவில் ஒருமுறை எச்சில் விழுங்கி, முதலிலிருந்து திரும்பத் தொடங்கினாள். நாங்கள் மூவரும் அசையவில்லை.

"ஐ… லிவ்… ஹியர்" என்றாள்.

கணவர் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார். தண்ணீர்க் குழாய் திறந்தபடி கனநேரம் ஓடியது.

இதை வாசிக்கிறவர்களில் காலோ முழங்காலோ நொந்து, தாங்க முடியாமல் இருக்கிறவர்கள் இருந்தால், ஜெபியுங்கள், வைத்தியரிடமும் போங்கள். அவர் சொல்வதை வாசல்படியோடு நிறுத்தாமல் வீட்டுக்குள்ளும் செய்யுங்கள். உங்களுக்கு என்னுடைய வருத்தம்தான் என்று நான் சொல்லமாட்டேன், அதை அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். கேட்டது கிடைக்காத நாளில் ஆண்டவரோடு கோபித்தாலும் பரவாயில்லை, அவர் தாங்குவார். ஆனால் அவரை விட்டுப் போய்விடாதீர்கள். நான் போகாமல் இருந்ததுதான் நான் செய்த ஒரே புத்தியுள்ள காரியம், அதற்கும் பலம் தந்தவர் அவர்தான்.

நான் இதை எழுதுவது 2013ஆம் ஆண்டில். ஷாமினிக்குப் பதினேழு வயதாகிவிட்டது. போன வருடத்தைவிடப் பாரமும் கூட. இன்று காலையும் அவளைக் கட்டிலிலிருந்து நான்தான் தூக்கினேன். ஆண்டவருக்கு நன்றி.